முதல் கேமிங் கணினி: வாங்கும் முன் இந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்

மின்மினி:
வணக்கம். ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதன்முறையாக ஒரு கணினியின் பாகங்களை வாங்கி நானே பூட்டப் போகிறேன். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது: 1080பி, 60 ஹெர்ட்ஸ். அதை மாற்றும் எண்ணம் இல்லை. விளையாடுவதோடு, தங்கை தன் ஆட்டங்களைப் பதிவுசெய்யவும் ஆசைப்படுகிறாள்.

நான் போட்ட பட்டியல்: ரைசன் 5 5500 பிராசஸர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் (ஒரே துண்டு), ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தண்ணீர்க் குளிரூட்டி, வண்ண விளக்கு விசிறிகள் கொண்ட கேபினட். கேபினட்டோடு '700 வாட்' என்று எழுதிய பவர் சப்ளையும் வருகிறது.

மொத்தத் தொகையை இதற்கு மேல் கூட்ட முடியாது. எதை மாற்றலாம்?

செம்புக்கம்பி:
நல்ல வேளை, வாங்கும் முன் கேட்டீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தவறாகத் தெரியாது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் புரியும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு பேசுவது நான்கே நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களில் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போய்வரும் பாதைகள்). நான்காம் தலைமுறை இணைப்பில் அது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. ஆனால் ரைசன் 5 5500 மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும். ஏ520 போர்டும் அப்படித்தான். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது நொடிக்கு ஏறத்தாழ 4 ஜிபி. கார்டில் இருப்பதோ 4 ஜிபி நினைவகம். புதிய ஆட்டங்களில் அது நிரம்பியதும் மிச்சத் தரவு கணினியின் ரேமுக்கு வழிந்து, அந்தக் குறுகிய பாதையில் போய்வர வேண்டியிருக்கும். அப்போதுதான் காட்சி திடீர் திடீரென்று திக்கும். சராசரி பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) நன்றாகத் தெரிந்தாலும் கையில் ஆட்டம் சரியாக ஓடாது.

இன்னொன்று, தங்கைக்காக. அந்தக் கார்டில் வீடியோவைக் குறியாக்கம் செய்யும் (சுருக்கிக் கோப்பாக்கும்) வன்பொருளே கிடையாது. பதிவுசெய்யும் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.

தண்ணீர்க் குளிரூட்டியை நீக்குங்கள். 65 வாட் பிராசஸருக்கு அதன் பெட்டியிலேயே வரும் விசிறி போதும். விளக்குகளையும் விட்டுவிட்டு, காற்றோட்டமான எளிய கேபினட் வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் ஆர்எக்ஸ் 6600 எடுக்கப் பாருங்கள். 8 ஜிபி நினைவகம், எட்டுத் தடங்கள், வீடியோ குறியாக்கமும் உண்டு. மூன்றாம் தலைமுறை இணைப்பிலும் அது பெரிதாகத் தளராது.

ரேமை 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்4 3200 ஒற்றை வழியில், அதாவது ஒரே துண்டில், நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு துண்டுகள் சேர்ந்த இரட்டை வழியில் 51.2. இதற்குக் கூடுதல் செலவு அதிகம் ஆகாது.

இரவுப்பறவை:
பவர் சப்ளையைப் பற்றி யாரும் பேசவில்லையே! பெட்டியில் எழுதிய 700 வாட்டை நம்பாதீர்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 30 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 30, அதாவது 360 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். பெயர் தெரியாத ஒன்றை நான் இப்படித்தான் வாங்கினேன். எட்டாவது மாதம் ஆட்டத்தின் நடுவே அணைந்தது; போகும்போது மதர்போர்டையும் கொண்டுபோனது. அன்று மிச்சம் பிடித்ததைவிட இழந்ததுதான் அதிகம்.

ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட். அதற்கு 450 வாட் பவர் சப்ளை போதும். ஆனால் அது உண்மையான 450 ஆக, நல்ல உத்தரவாதத்தோடு இருக்க வேண்டும்.

வடகாற்று:
நான் மாறுபடுகிறேன். ஏஎம்4 சாக்கெட் (இந்தப் போர்டில் பிராசஸர் அமரும் பொருத்தி) ரைசனோடு 2017 முதல் இருந்துவருகிறது. நாளை பிராசஸரை மாற்ற நினைத்தால் அதற்கு மேல் போக அதிக இடமில்லை. இன்னும் சில மாதம் பொறுத்து அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போவதே நல்லது.

செம்புக்கம்பி:
பொறுக்க முடிந்தவருக்கு அது சரிதான், வடகாற்று. ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். போர்டு, ரேம் இரண்டுக்கும் கூடுதலாகப் போகும் பணத்தை இவர் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுபவருக்கு அது நியாயமான பரிமாற்றமாக எனக்குப் படவில்லை.

மின்மினி, தொகை இடம்கொடுத்தால் 5500-க்குப் பதில் 5600 வாங்குங்கள். மூன்றாம் நிலை கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16 எம்பி அல்ல, 32 எம்பி. இடம்கொடுக்காவிட்டால் 5500 போதும். கார்டை மட்டும் குறைக்காதீர்கள்.

மின்மினி:
எல்லாருக்கும் நன்றி. குளிரூட்டியையும் விளக்குகளையும் விட்டதில் ஆர்எக்ஸ் 6600, ரைசன் 5 5600, நல்ல 450 வாட் பவர் சப்ளை மூன்றும் அடங்கிவிட்டன. ஏ520 போர்டே இருக்கட்டும் என்று விட்டேன். இன்று பூட்டி முடித்தேன். விசிறிகள் சுற்றுகின்றன, ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. கை நடுங்குகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

இரவுப்பறவை:
பதற்றம் வேண்டாம். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? 5600-இல் கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். கீழே, கார்டில் இருக்கும் துளையில் செருகுங்கள். கார்டுக்கான எட்டு ஊசி மின்கேபிளையும் பாருங்கள். 6+2 என்று பிரியும் கேபிள்தான் அதற்கு. 4+4 என்று பிரிவது பிராசஸருக்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் செருகாதீர்கள்.

மின்மினி:
மதர்போர்டில்தான் செருகியிருந்தேன்! மாற்றியதும் படம் வந்துவிட்டது. தங்கை கத்திய கத்தலில் வீடே எழுந்தது. ஒரு சிறு சந்தேகம்: விண்டோஸில் ரேமின் வேகம் 2400 என்று காட்டுகிறது. வாங்கியது 3200 ஆயிற்றே?

செம்புக்கம்பி:
ரேமில் குறையில்லை. பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். போர்டில் ரேமுக்கு நான்கு துளைகள் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் துண்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மின்மினி:
இரண்டே துளைகள்தான், இரண்டும் நிரம்பியிருக்கின்றன. எக்ஸ்எம்பி இயக்கியதும் 3200 காட்டுகிறது. தங்கை முதல் பதிவைத் தொடங்கிவிட்டாள். ஆட்டம் திக்காமல் ஓடுகிறது.