டிஷ் இணைப்பை நிறுத்தினால் ஆன்டெனாவும் ஓடிடியும் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக டிஷ் இணைப்பு உள்ளது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தினாலும், வருகிற சேனல்களில் பெரும்பாலானவற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. நான் ஓடிடியில் படங்கள் பார்ப்பதோடு சரி. அம்மாவுக்குச் செய்திகளும் ஓரிரு பொதுச் சேனல்களும் வேண்டும். தம்பிக்கு விளையாட்டை நேரலையில் பார்த்தாக வேண்டும். கூடத்தில் ஸ்மார்ட் டிவியும் அம்மாவின் அறையில் பழைய டிவியும் இருக்கின்றன. கூரை மேல் இருக்கும் டிஷ்ஷையே ஆன்டெனாவாகப் பயன்படுத்த முடியுமா? இணைப்பை நிறுத்துவதற்கு முன் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1

வணக்கம். டிஷ்ஷை அப்படியே பயன்படுத்த முடியாது. செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலைகள் பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. தரையிலுள்ள கோபுரங்களிலிருந்து வரும் தரைவழி ஒளிபரப்போ பெரும்பாலும் 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் யுஎச்எஃப் அலைவரிசையிலும், சில இடங்களில் அதற்குக் கீழே விஎச்எஃப் அலைவரிசையிலும் நடக்கிறது. டிஷ்ஷின் குவியத்தில் உள்ள, செயற்கைக்கோள் அலைகளை வாங்கும் கருவியான எல்என்பி இவற்றை வாங்கவே வாங்காது.

ஆனால் கூரையிலிருந்து கூடம் வரை இழுத்திருக்கும் 75 ஓம் கேபிள் நல்ல நிலையில் இருந்தால், அதையே ஆன்டெனாவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்என்பியை இயக்குவதற்காக செட் டாப் பாக்ஸ் அந்தக் கேபிள் வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே கேபிளின் கீழ் முனையைப் பாக்ஸிலிருந்து கழற்றிய பிறகே மேல் முனையில் ஆன்டெனாவை இணையுங்கள்.

ஆன்டெனாவை வாங்குவதற்கு முன், ஒளிபரப்புக் கோபுரங்கள் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளன, எந்த அலைவரிசையில் அனுப்புகின்றன என்று பாருங்கள். 500 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்கும் அரையலை (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள) ஆன்டெனாவுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் நீளம் போதும். 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் வேண்டும். சன்னலில் ஒட்டும் தட்டையான சிறு ஆன்டெனாக்கள் விஎச்எஃப் சேனல்களில் தடுமாறுவது இதனால்தான்.

சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை நம்பி ஆன்டெனாவின் உயரத்தில் சமரசம் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கேபிளிலும், பல டிவிகளுக்குச் சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலும் ஏற்படும் இழப்பை அது ஈடுகட்டுமே தவிர, ஆன்டெனா பிடிக்காத சிக்னலை அது உருவாக்கித் தராது. கோபுரம் அருகில் இருந்தால் டிவிக்குள் சிக்னலை வாங்கும் ட்யூனரைத் திணறடித்து, வந்துகொண்டிருந்த சேனலையும் கெடுத்துவிடும். டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் மெல்ல மங்குவதில்லை; ஓர் எல்லை வரை துல்லியமாக வரும், அதற்குக் கீழே சதுரம் சதுரமாகச் சிதறி உறைந்து நின்றுவிடும். எனவே ஒருவர் ஆன்டெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்ப, மற்றொருவர் டிவி மெனுவில் சிக்னலின் வலிமையை மட்டுமல்லாமல் தரத்தையும் கவனித்துச் சொல்வது நல்லது.

பதில் 2

ஓடிடி பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். எச்டி தரத்துக்கு ஒரு திரைக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவிலும், 4கே தரத்துக்கு 15 முதல் 25 மெகாபிட் வரையிலும் வேகம் சீராகக் கிடைக்க வேண்டும். உங்கள் இணையத் திட்டத்தில் மாத வரம்பு உண்டா என்று கட்டாயம் பாருங்கள். 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 2.25 ஜிபி செலவாகும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 270 ஜிபி ஆகிவிடும். இயன்றால் கூடத்து டிவியை ரூட்டருடன் கேபிள் வழியாகவே இணைத்துவிடுங்கள்.

உங்கள் தம்பியின் தேவைதான் இதில் சிக்கலானது. இணையவழி நேரலை, ஆன்டெனாவில் வருவதைவிடப் பெரும்பாலும் அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும் என்பதால், முடிவு திரையில் தெரிவதற்குள் கைப்பேசியில் செய்தி வந்துவிடும். ஒவ்வொரு தொடரின் உரிமமும் வெவ்வேறு நிறுவனத்திடம் இருக்கலாம். சில ஆண்டுகளில் கைமாறவும் செய்யும். ஆகவே ஆண்டுச் சந்தா கட்டாமல், போட்டி நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கட்டுவது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு ஒரே ரிமோட்டில் எல்லாம் நடந்தாக வேண்டும். அவருடைய பழைய டிவியில் இது சாத்தியமா?

பதில் 3

அந்த டிவியில் உங்கள் நாட்டின் ஒளிபரப்புத் தரத்துக்குரிய டிஜிட்டல் ட்யூனர் உள்ளதா என்பதைப் பொறுத்தது. பழைய தரமான டிவிபி-டி மட்டும் உள்ள டிவியில் புதிய தரமான டிவிபி-டி2 ஒளிபரப்பு வராது. ட்யூனர் இல்லையென்றால் தரைவழி ஒளிபரப்புக்கான தனி செட் டாப் பாக்ஸ் வேண்டும். அப்போது இரண்டு ரிமோட் ஆகிவிடும். அம்மாவின் வசதிக்காகவே, பொருத்தமான ட்யூனர் உள்ள சிறிய டிவி ஒன்றை வாங்கி, அவர் பார்க்கும் சேனல்களை வரிசையின் தொடக்கத்தில் வைத்துக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். மெனுவுக்குள் அவர் நுழைய வேண்டிய தேவையே இருக்காது.

டிஷ் இணைப்பை உடனே துண்டிக்க வேண்டாம். ஆன்டெனாவைத் தனிக் கேபிளில் தற்காலிகமாக இணைத்து, மழையிலும் காற்றிலும் அம்மாவின் சேனல்கள் நிலையாக வருகின்றனவா என்று பாருங்கள்; கோபுரத்தின் திசையில் மரங்கள் இருந்தால், நனைந்த இலைகள் யுஎச்எஃப் சிக்னலைக் குறைக்கும். அதன் பிறகு ஒப்பந்தம் முடியும் தேதியையும், பாக்ஸைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் கேட்டறிந்து, நிறுத்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.