ரொமானே-கோந்தியின் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தவர்கள், குடித்தவர்கள் உண்டா?

போன நவம்பரில் வேலையாகப் பிரான்ஸில் பர்கண்டி வட்டாரத்துத் தீஜோன் நகருக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது. ரயிலில் நுயி-சாந்-ஜோர்ஜ் வரை போய், அங்கிருந்து திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நடந்து வோன்-ரொமானே ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ரொமானே-கோந்தி விளைகிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். 2018இல் நியூயார்க் ஏலத்தில் 1945ஆம் வருடத்துப் பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்குப் போனதே, அந்த ஒயின்.

இடம் சப்பென்று இருந்தது. தாழ்வான ஒரு கல்சுவர், கல்லில் ஒரு சிலுவை, தயவுசெய்து உள்ளே இறங்காதீர்கள் என்று ஒரு பலகை. மொத்தமே 1.81 ஹெக்டேர், நாலரை ஏக்கர்கூட முழுசாக இல்லை. நவம்பர் என்பதால் கொடியில் இலையும் கிடையாது.

ஐந்து நிமிடத்தில் கோந்தியைப் பார்த்து முடித்துவிட்டேன். மீதி மூன்று மணி நேரமும் போனது அதன் அக்கம்பக்கத்தில்தான். சிலுவையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் ரீஷ்பூர், முதுகுக்குப் பின்னால் ரொமானே-சாந்-விவான், நேர் மேலே லா ரொமானே. எல்லாமே 'க்ரான் க்ரூ', பர்கண்டி ஒயின் தோட்டங்களின் உச்சத் தரம். அதற்கு அடுத்த படி 'பிரெமியே க்ரூ'. பெயருக்கு 'முதல்' என்று பொருள் இருந்தாலும் இரண்டாம் இடம்தான். இதை வைத்து எத்தனை பேர் ஏமாந்தார்களோ. அதற்குக் கீழே ஊர்ப்பெயர் போட்ட ஒயின், அப்புறம் வட்டாரப் பெயர் போட்டது.

லா ரொமானேயைத் தாண்டி மேலே ஏறினேன். சரிவு சட்டென்று கூடுகிறது. அங்கே இருப்பது ஓ ரேஞோ, வெறும் பிரெமியே க்ரூ. கீழே இருப்பதும் பினோ நுவார் என்ற கருந்திராட்சை, இங்கே இருப்பதும் அதே பினோ நுவார். ஆனால் பாதையோரம் குனிந்து பார்த்தால் மண் மெல்லிசு, கல் அதிகம். மேட்டில் காற்றும் சில்லென்று அடித்தது. ஊரைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் இறங்கினால் நேர்மாறு: தரை தட்டையாகிவிடுகிறது, மண் ஆழம், தண்ணீர் வடியாது. அங்கே விளைவதற்கு ஊர்ப்பெயர் மட்டும்தான். கல்லும் களிமண்ணும் அளவாகக் கலந்து, தண்ணீரும் தேங்காமல் ஓடுகிற நடுச்சரிவுக்குத்தான் பெரிய பட்டம். இதுவரை சரி, புரிகிறது. ஆனால் தரம் பிரிக்கிற கோடு ஏன் சரியாக அந்த வரப்பில் விழுந்தது? யாருக்காவது இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழக்கம் உண்டா?

பாரீஸிலிருந்து ஒருவர்:

நான் குடிச்சுப் பழகின ஆள் இல்லை. பதினொரு வருசம் ஒரு உணவகத்தில் வேலை செய்தேன், முதலில் கோப்பை கழுவி, பிறகு பரிமாறி. அங்கே ஒயினுக்குப் பொறுப்பாக இருந்த வயதான பிரெஞ்சுக்காரர், போத்தலின் அடியில் மிஞ்சினதை எங்களுக்கு ஒரு வாய் ஊற்றித் தந்துதான் கதை சொல்லுவார். அப்படிக் கிடைத்ததுதான் லா கிராந்த் ரூ.

நீங்கள் சிலுவைக்கு இடக்கைப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அங்கேதான் அது இருக்கிறது. ஒரு பக்கம் கோந்தி, மறு பக்கம் லா தாஷ் என்ற இன்னொரு க்ரான் க்ரூ, நடுவில் ஒரு ஒழுங்கை மாதிரி ஒடுங்கின துண்டு. பெயரோ 'பெரிய தெரு'! 1930களில் தரம் பிரித்தபோது அதன் சொந்தக்காரர் உச்சத் தரத்துக்கு விண்ணப்பமே போடவில்லை. பட்டம் வந்தால் வரியும் ஏறும் என்ற கணக்குத்தான் காரணம் என்று சொல்லுவார்கள். அடுத்த தலைமுறை கேட்டு வாங்கினபோது 1992 ஆகிவிட்டது. அதுவரை இரண்டு ராசாக்களுக்கு நடுவில் பிரெமியே க்ரூவாகவே இருந்தது. ஆகவே நீங்கள் கேட்ட கோடு எல்லா இடத்திலும் மண் போட்ட கோடு இல்லை. சில இடத்தில் ஆள் போட்டது.

ருசியைக் கேட்காதீர்கள். ஒரு வாயில் என்ன தெரியும்? ரோசாப்பூ வாசம் மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் அந்த மனிதர் சொன்னதால்தானோ என்னவோ.

இன்னொருவர்:

ரீஷ்பூருக்கு மேலே இருக்கிற க்ரோ பராந்தூவைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஒரு ஹெக்டேர் சொச்சம்தான். நோய் வந்து கொடிகள் போன பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்து, போர்க்காலத்தில் கிழங்கு போட்ட நிலம். ஆன்ரி ஜாயே என்பவர் போருக்குப் பிறகு பாறைக்கு வெடி வைத்துக் குழி பறித்து அங்கே கொடி நட்டார். 1978இலிருந்து அதைத் தனிப் பெயரில் பாட்டிலில் அடைத்தார். 2006இல் அவர் காலமானார். இன்றைக்கு அவர் கைப்பட்ட பாட்டில் ஏலத்தில் பல க்ரான் க்ரூக்களைத் தாண்டிப் போகிறது. தரம் மட்டும் இன்னும் பிரெமியே க்ரூதான். யாரும் உயர்த்தவும் இல்லை, அதனால் விலை குறையவும் இல்லை.

நான் அந்தப் பக்கம் போனபோது அந்த நிலத்தைத் தேடி அலைந்தேன். பெயர்ப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. டிராக்டரில் வந்த ஒருவரிடம் கேட்டதற்கு, நான் நின்றுகொண்டிருந்த இடத்தையே கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாமவர்:

கொஞ்சம் நிதானம். பக்கத்தில் இருப்பதாலேயே ருசி வந்துவிடாது. வெள்ளை ஒயினுக்குப் பேர்போன பர்கண்டித் தோட்டம் மொன்ராஷே. "மொன்ராஷே தோட்டத்தின் மதிலை ஒட்டியது" என்ற ஒரே வசனத்தை நம்பி ஒரு வெள்ளை ஒயினை வாங்கினேன். தண்ணீர் மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் புகழில் பிழைப்பது அங்கே பழைய தொழில்: 1879இல் புலிஞியும் ஷசாஞும் இரண்டுமே தங்கள் ஊர்ப்பெயரோடு மொன்ராஷேயை ஒட்டிக்கொண்டன, நீங்கள் போன வோன் ஊரும் 1866இல் ரொமானேயை ஒட்டிக்கொண்டு அதையேதான் செய்தது. என் அனுபவத்தில், நிலத்தைப் பார்ப்பதற்கு முன் விளைவித்தவர் யார் என்று பாருங்கள். அப்புறம் வருடத்தைப் பாருங்கள். மதில் கடைசியில்.

முதலில் எழுதியவர்:

இடக்கைப் பக்கத்தை விட்டது என் தவறுதான். அந்த ஒழுங்கையில் நின்றுதான் சாண்ட்விச் சாப்பிட்டேன், அது லா கிராந்த் ரூ என்று தெரியாமல்.

வாங்கியது ஊர்ப்பெயர் ஒயின் ஒன்று, எழுபது யூரோ. வீட்டுக்காரி விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இதை எதோடு சாப்பிடுவது என்று கேட்டாள். கோழிக் குழம்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.