வீட்டில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, வேக்குவம் கிளீனரால் அச்சின் மேல் இழுத்து, எலக்ட்ரானிக் போர்டுக்குப் பெட்டி செய்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

100×60×40 மி.மீ. பெட்டிக்கு எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) அச்சு போதும். ஷீட் அச்சின் மேல் படிவதால் அச்சின் அளவுதான் பெட்டியின் உள்ளளவு. பக்கங்களைச் செங்குத்தாக விட்டால், ஆறும்போது ஷீட் சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்கவேண்டும். 3 டிகிரி சரிவு கொடுங்கள். அது 40 மி.மீ. உயரத்தில் பக்கத்துக்கு 2 மி.மீ. தின்றுவிடும், தலைப்பக்கம் 96×56 தான். போர்டு உட்காருவது அங்கே என்றால் அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள். அச்சுக்கு அடியில் 3 மி.மீ. வாஷர் வைத்துத் தூக்கினால் வெட்டும் கோடு சுத்தமாக வரும்.

*

2 மி.மீ. ஷீட்டில் 2 மி.மீ. சுவர் கிடைக்காது. ஷீட்டைப் பிடிக்கும் சட்டத்தின் திறப்பு 140×100 என்றால் 14,000 சதுர மி.மீ. ஷீட், பக்கச் சுவர்களையும் சேர்த்து 26,800 சதுர மி.மீ. பரப்பை மூடவேண்டும். சராசரி 1 மி.மீ.தான். முதலில் தொடும் மேல்முகம் உடனே குளிர்ந்து தடிமனாக நின்றுவிடும், கடைசியில் தொடும் அடிமூலைகள் மெலியும். டிசி ஜாக் (அடாப்டர் பின் செருகும் இடம்) துளையை அந்த மூலைப்பக்கம் வைக்காதீர்கள்.

*

சூடு பண்ணினதும் ஷீட் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொப்புளம் வருதே, ஓவன் சூடு அதிகமா?

*

சூடு இல்லைங்க, ஈரம். ஏபிஎஸ் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். 80 டிகிரியில் இரண்டு, மூன்று மணிநேரம் காயவைத்துவிட்டு அப்படியே 160 பக்கம் ஏற்றுங்கள். ஹிப்ஸ் (பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக்) ஷீட்டுக்கு இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

ஓவன் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் ஷீட்டைப் பாருங்கள். முதலில் நெளியும், பிறகு விறைப்பாகும், அதற்கப்புறம் நடுவில் தொய்யும். இந்த அளவு சட்டத்தில் 1 செ.மீ. தொய்ந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் விட்டால் மூலைகளில் மடிப்பு விழும். வேக்குவம் கிளீனரை முன்கூட்டியே ஓடவிடுங்கள். ஓவனிலிருந்து எடுத்ததும் சில நொடிகளில் இறுகிவிடும். உள்மூலைகள் கூர்மையாக வரவில்லை என்றால் கிளீனரைக் குறை சொல்வதற்கு முன் அச்சின் பள்ளங்களில் 1 மி.மீ. துளை போட்டிருக்கிறதா பாருங்கள். அடைபட்ட காற்றுக்கு வழி வேண்டும்.

*

ஷீட் பெயர் தெரியாமல் ஓவனில் வைக்கவே வைக்காதீர்கள். விளம்பரப் பலகைக் கடைத் துண்டுகளில் பிவிசி நிறைய. அது கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கேடு, ஓவன் கம்பிகளும் துருப்பிடிக்கும். இதற்குப் பயன்படுத்திய ஓவனில் பிறகு சமைக்கவும் வேண்டாம்.

போர்டைத் தாங்கும் தூண்களுக்கு: வெட்டி எடுத்த ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஓரிரவு ஊறவைத்தால் கூழாகும், அதுவே பசை. மெல்லிய இடத்தில் அள்ளிப் பூசினால் சுவர் இளகி வெளிப்பக்கம் குழி தெரியும். 230 வோல்ட் உள்ளே வரும் எதற்கும் இந்தப் பெட்டி கூடாது. சாதாரண ஏபிஎஸ் பற்றினால் தானாக அணையாது. 5 வோல்ட் அடாப்டர் வெளியிலேயே இருக்கட்டும்.