‘ஹாபி’ என்றால் பொழுதுபோக்கு, ‘ஆக்குபேஷன்’ என்றால் தொழில்: இரண்டுமே இடிக்கிறதே?

சொல்தேடி:
பல மொழிகளில் வெளிவரும் ஒரு செயலியின் உறுப்பினர் படிவத்துக்குத் தமிழ் வாசகம் எழுத வேண்டும். இரண்டு கட்டங்கள் படுத்துகின்றன. ‘பொழுதுபோக்கு’ என்று போட்டால் டிவி பார்ப்பது, பாட்டுக் கேட்பது என்று நிரப்புகிறார்கள். எதிர்பார்ப்பதோ அஞ்சல்தலை சேகரிப்பு, மரவேலை மாதிரியானவை. ‘தொழில்’ என்ற கட்டத்தை மாதச் சம்பளக்காரர்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். மற்ற மொழிகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? கூடவே, பணத்துக்கு இல்லாமல் விருப்பத்துக்காகச் செய்பவரைச் சொல்லும் ‘அமெச்சூர்’ என்பதற்குக் ‘கற்றுக்குட்டி’ போடலாமா?

வேர்தோண்டி:
பொழுதைப் போக்குவது எதுவோ அதுதான் பொழுதுபோக்கு. டிவி என்று எழுதியவர்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். இத்தாலியனில் ‘பஸ்ஸாதெம்போ’வும் இதே அச்சு, நேரம் கடத்துவது. ஆனால் ‘ஹாபி’யின் வேர் வேறு. அது முதலில் ஒரு சின்னக் குதிரை. பிறகு குழந்தைகள் காலிடுக்கில் வைத்து ஓட்டும் குச்சிக்குதிரை. அதற்கப்புறம்தான், ஒருவர் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் விருப்பம். ஜெர்மனும் குச்சிக்குதிரை என்ற அதே சொல்லை ஹாபிக்கு வைத்திருக்கிறது. அடுத்தவருக்கு அற்பமாகத் தெரியும், ஓட்டுகிறவருக்கு இறங்க மனசு வராது. ‘பொழுதுபோக்கு’ தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியை.

ஜப்பானியரிடம் இது ‘ஷுமி’. அதே சொல்லுக்கு ரசனை என்றும் பொருள். ‘அகுஷுமி’ என்றால் மட்டமான ரசனை. ஜப்பானியர் இதை எழுதும் அதே இரண்டு சீன எழுத்துகளைச் சீனத்தில் படித்தால் சுவாரசியம், ரசனை என்பதோடு நின்றுவிடும், ஹாபி ஆகாது. சீனப் படிவத்தில் வர வேண்டியது ‘ஐஹாவ்’. எழுத்து ஒன்றுதானே என்று ஜப்பானிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் அங்கேயும் இதே குழப்பம்தான். தெலுங்கு ‘அபிருசி’யும் ரசனை வழியாக வந்ததுதான். பாரசீகத்தில் ‘சர்கர்மி’, அதாவது தலைச்சூடு! எனக்கு இதில் பிடித்த சொல் அதுதான். ஆனால் நம்மிடம் தலைச்சூடு என்றால் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள்.

படிவத்துக்கு வருகிறேன். ‘ஆர்வங்கள்’ என்று போடாதீர்கள். அரசியல், சினிமா என்று தலைப்புகள் வந்து விழும், செயல்கள் வராது. இடம் இருந்தால் ‘ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வது’ என்று எழுதுங்கள். ‘செய்வது’ என்ற சொல் இருப்பதால் டிவி பெரும்பாலும் தானாக விலகிவிடும். இடம் இல்லையா, ‘பொழுதுபோக்கு’ என்றே வைத்துவிட்டு, கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் எடுத்துக்காட்டில் ‘மரவேலை, ஓவியம்’ என்று போடுங்கள். தலைப்பைப் படிக்காதவர்களும் எடுத்துக்காட்டைப் பார்த்துத்தான் நிரப்புவார்கள்.

நாலுமொழி:
பக்கத்து மொழி வாசகங்களைப் பார்த்து எழுதுவதானால் உஷார். மலையாளத்திலும் தெலுங்கிலும் ‘விநோதம்’ என்றால் கேளிக்கை. நமக்கு அது விசித்திரம். இந்தியில் ‘வ்யவசாய்’ என்பது தொழில், வணிகம். அதே சொல் தமிழ், தெலுங்கு, கன்னடத்துக்கு வந்ததும் பயிர்த்தொழில் ஆகிவிட்டது. ‘உத்தியோகம்’ நமக்கு ஒருவர் பார்க்கும் வேலை, இந்தி ‘உத்யோக்’ ஆலைகள் இயங்கும் தொழில்துறை. இந்திப் படிவத்தின் ‘வ்யவசாய்’ கட்டத்தை ஒலியை வைத்துத் தமிழாக்கினால் எல்லாரும் விவசாயிதான்.

தூரத்திலும் இந்தக் கூத்து உண்டு. ஜெர்மனில் ‘ஆர்பைட்’ என்றால் வேலை. ஜப்பானியத்துக்குப் போய் ‘அருபைதோ’ ஆனதும் அது பகுதிநேர வேலை மட்டும்.

பெயரெச்சம்:
‘தொழில்’ பற்றி யாரும் சொல்லவில்லையே. இலக்கணத்தில் அதற்குச் செயல் என்றே பொருள். ‘பாடுதல்’, ‘ஓட்டம்’ எல்லாம் தொழிற்பெயர். ஆனால் இன்றைய பேச்சில் ‘தொழில் பண்றார்’ என்றால் சொந்தமாக முதல் போட்டு நடத்துகிறார். அதனால்தான் சம்பளக்காரர்கள் கட்டத்தைத் தாண்டிப் போகிறார்கள். ‘பணி’ என்று மாற்றினால் இப்போது கடை வைத்திருப்பவர் தாண்டிப் போவார். ‘வேலை / தொழில்’ என்று சாய்கோடு போட்டு இரண்டையும் வையுங்கள். அழகாக இருக்காது, ஆனால் கட்டம் நிரம்பும். தெரிவுப் பட்டியல் என்றால் மாணவர், இல்லத்தைக் கவனிப்பவர், ஓய்வுபெற்றவர் மூன்றும் கட்டாயம்.

ஆள் பெயர்களில்தான் பெரிய தவறு நடக்கும். ஆங்கில ‘கார்டனர்’ கூலிக்குச் செய்பவராகவும் இருக்கலாம், ஆசைக்குச் செய்பவராகவும் இருக்கலாம். நம் ‘தோட்டக்காரர்’ வேலைக்கு வருபவர் மட்டும். ‘-காரர்’ வந்தால் பெரும்பாலும் பிழைப்பு ஒட்டிக்கொள்ளும்: பால்காரர், வண்டிக்காரர். மீன் விஷயத்தில் ஜெர்மன் தெளிவு. பிழைப்புக்குப் பிடிப்பவர் ‘ஃபிஷர்’, தூண்டில் போடுபவர் ‘ஆங்லர்’. பிந்தையவரை ‘மீனவர்’ என்று தமிழாக்கக் கூடாது. விளையாட்டில் நாம் நேர்எதிர். நாற்காலியை விட்டு எழாதவரும் ‘சதுரங்க வீரர்’. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காய் நகர்த்துபவருக்குச் ‘சதுரங்கம் ஆடுபவர்’ போதும்.

சொல்தேடி:
சாய்கோடு போட்டுவிடுகிறேன். அமெச்சூர்?

வேர்தோண்டி:
‘கற்றுக்குட்டி’ வேண்டாம், அது திட்டு. அமெச்சூர் வானொலிக்காரர் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். அவரைப் போய் கற்றுக்குட்டி என்பதா? ‘அமெச்சூர்’ லத்தீன் ‘அமாத்தோர்’ வழி வந்தது, நேசிப்பவர் என்று பொருள். தமிழில் அதற்கு அச்சான இணை ‘ஆர்வலர்’. குறள் 71-இல் இந்தச் சொல் அன்புடையவரைத்தான் குறிக்கிறது. ‘பறவை ஆர்வலர்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. படித்துப் பட்டம் வாங்கிய ‘பறவையியலாளர்’ வேறு ஆள் என்பதும் எல்லாருக்கும் புரிகிறது.

ஒரே இடத்தில் மட்டும் ‘ஆர்வலர்’ உதவாது: பணம் வாங்குகிறாரா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும்போது. ஜெர்மன் வரிச் சட்டத்தில் ‘லீப்ஹாபெராய்’ என்றொரு சொல் உண்டு, நேசத்துக்காகச் செய்வது. லாப நோக்கம் இல்லை என்று அந்தப் பெயர் விழுந்துவிட்டால் அதில் வந்த நட்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் அழகு பார்க்காமல் ‘வருவாய் நோக்கமின்றி’ என்றே எழுதுங்கள்.