தனியே வாழும் அம்மாவின் வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா காலமான பிறகு, மயிலாடுதுறையில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார்; நான் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் விடியற்காலையில் கொல்லைப்புறக் கழிவறைக்கு எழுந்து போனவர், முற்றத்தில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்றாலும், அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என்னோடு வந்துவிடச் சொன்னால், "அந்தப் பத்தாவது மாடியில் நான் யாரோடு பேசுவேன்?" என்று கேட்கிறார். அவர் விருப்பப்படி அங்கேயே இருக்க, நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
முதியோருக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் நான். முற்றத்து ஈரத்தைவிட, அவர் விழுந்த நேரத்தையே நான் முதலில் கவனிப்பேன். படுக்கையிலிருந்து எழுந்ததும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது முதுமையில் பலருக்கும் உண்டு. படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கழிவறைச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஏனெனில் உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு யாரும் நுழைய முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மறுமொழி 2:
மகளே, எனக்கு 78 வயது, நானும் தனியாகத்தான் இருக்கிறேன். நான் ஒருமுறை விழுந்ததும், என் மகன் பாசத்தினால் சமையலுக்கும் கடைக்கும் ஆள் வைத்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். ஆறே மாதத்தில் கையூன்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள். தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசி வீட்டுக்கே வருகிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரையும் வாசலுக்கு வருகிறது, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைத் தபால்காரரே வந்து பதிவு செய்கிறார். சுமையும் அலைச்சலும் இப்படிக் குறைந்தது நல்லதுதான், ஆனால் காய்கறிக்கு நானேதான் போகிறேன், நாலு பேரைப் பார்ப்பதே அங்கேதான். எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு: காலை ஏழு மணிக்குள் என் வாசலில் கோலம் இல்லையென்றால், அவள் வந்து கதவைத் தட்டுவாள், மாற்றுச் சாவியும் அவளிடம் இருக்கிறது. ஆலோசனை தேவைப்பட்டால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். கதவையும் கைப்பிடியையும் தச்சரிடம் சொல்லிவிட்டேன். மாற்றுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அம்மாவிடமே கேட்டேன். பால்காரர் வீட்டு மருமகளிடம் கொடுக்கச் சொன்னார்.