ஜெர்மனி எம்எஸ்: பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு வீட்டுப் பத்திரத்த வைக்கலாமா?

சிவதாபுரம்_பையன்:
வணக்கம்ங்க. சேலத்துல மெக்கானிக்கல் முடிச்சிட்டு அடுத்த விண்டர் செமஸ்டருக்கு ஜெர்மனி ட்ரை பண்றேன். அப்பா கொலுசுப் பட்டறைல பத்தவைக்கிற வேலை பாக்கறாரு. அஞ்சு ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சில யுனிவர்சிட்டி ஃப்ரீன்னாங்க, இப்ப 11,904 யூரோ கட்டணும், சர்வீஸ் சார்ஜ் தனின்னு சொல்றாங்க. ஃப்ரீன்னா எதுக்குங்க இவ்ளோ? அப்பா வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வச்சிரலாம்ங்கறாரு, எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அஸ்தம்பட்டி_அக்கா:
தம்பி, அந்த 11,904 ஃபீஸே இல்ல. பிளாக்டு அக்கவுண்ட்னு உன் பேர்லயே லாக் ஆகி இருக்கும், நீ இங்க வந்ததும் மாசம் 992 யூரோன்னு ஒரு வருஷத்துக்கு உனக்கே வரும், வாடகை, இன்சூரன்ஸ், மளிகை எல்லாம் அதுக்குள்ள தான். நான் ஜெர்மனில ஆஹன்ங்கற ஊர்ல படிக்கறேன், இங்க டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு சில நூறு யூரோ கட்டுவோம் அவ்ளோதான். ஆனா ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கற மாநிலத்துல நம்ம பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024 விண்டர்ல இருந்து வாங்குது, அதனால லிஸ்ட் போடறப்பவே ஊர் பாத்து போடு. ஏபிஎஸ் சர்டிபிகேட்ட, அதான் உன் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் சரின்னு செக் பண்ணி குடுக்கறத, இப்பவே அப்ளை பண்ணிரு, அது இல்லாம ஸ்டூடன்ட் விசா நகராது. இதெல்லாம் நீயே ஆன்லைன்ல பண்ணலாம், சர்வீஸ் சார்ஜ் எதுக்கு குடுக்கற?

ஏற்காடு_அண்ணன்:
லோன் பத்தி நான் சொல்றேன் தம்பி. பேங்க்ல 7.5 லட்சம் வரைக்கும் பொதுவா அடமானம் கேக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா தான் பத்திரம். படிக்கறப்பவும் முடிச்சு ஒரு வருஷமும் ஈஎம்ஐ இல்லன்னு சந்தோசப்படாத, வட்டி ஓடிட்டே தான் இருக்கும். ரெண்டு மூணு பேங்க்ல நேர்ல போயி கேளு, அப்பாவயும் கூட்டிட்டு போ, அவருக்கு முன்னாடியே மேனேஜர் வாயால வட்டிக் கணக்கு வரட்டும்.

சிவதாபுரம்_பையன்:
ரொம்ப நன்றிங்கக்கா, நன்றிங்ணா. பார்ட் டைம் போனா ரெண்டாவது வருஷம் சமாளிச்சிரலாமாங்கக்கா?

அஸ்தம்பட்டி_அக்கா:
வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பாக்கலாம்னு ரூல் இருக்கு, ஆனா ஜெர்மன் தெரியாம கடைல கூட எடுக்க யோசிக்கறாங்க. வர்றதுக்குள்ள ஜெர்மன் மொழில பி1 லெவல் முடிக்கப் பாரு தம்பி, கோயம்புத்தூர் கோதே சென்டர்ல கிளாஸ் இருக்கு. அப்பறம் இங்க தங்கறதுக்கான பர்மிட்ட ரினியூ பண்றப்ப மறுபடியும் கையில காசு இருக்குன்னு காட்டணும். அந்த ரெண்டாவது வருஷத்தையும் சேத்து ஒரு பேப்பர்ல கணக்கு போட்டு அப்பாகிட்ட காட்டு, அதுவரைக்கும் பத்திரம் பீரோல இருக்கட்டும்.