ஏர் ஃப்ரையரில் கோழிக்கால் உள்ளே வேகவில்லை. மறுநாள் சூடாக்கினால் சக்கையாகிறது

கேள்வி:
வணக்கம். நான்கு லிட்டர் ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. தயிரும் மிளகாய்த்தூளும் தடவி ஊறவைத்த கோழிக்கால்கள் ஐந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் 200 டிகிரியில் 18 நிமிடம் வைத்தேன். மேலே மசாலா கருகிவிட்டது. எலும்போரம் பிய்த்துப் பார்த்தால் சதை வழவழவென்று பச்சையாக இருந்தது. மீந்த சிக்கன் 65-ஐ மறுநாள் அதே சூட்டில் பத்து நிமிடம் வைத்ததும் சக்கையாகிவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி 1:
பெயரில் பொரிப்பது இருந்தாலும், அது விசிறி வைத்த சிறிய மின் அடுப்புதான் (oven). சூடான காற்று மேற்பரப்பை விரைவில் உலர்த்திச் சிவக்க வைக்கிறது; உள்ளே வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே எலும்பு வரை இரண்டு மூன்று இடங்களில் கீறிவிட்டு, 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம் வைத்து, பாதியில் திருப்பிப் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் வெந்த கோழிதான் கிடைக்கும். சமையல் வெப்பமானியை எலும்பில் படாமல் சதையின் தடித்த பகுதியில் செருகி, 74 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி, நன்றாக வெந்த பிறகும் எலும்போரத்தைச் சிவப்பாகக் காட்டக்கூடும்.

மறுமொழி 2:
மீந்த கறியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் நாள் சமையலிலேயே பாதிச் சாறு போய்விட்ட துண்டை மறுபடி 200 டிகிரியில் வைத்தால் சக்கைதான் மிஞ்சும். லேசாகத் தண்ணீர் தெளித்து, 160 டிகிரியில் நான்கைந்து நிமிடம் வைத்தால், சிறு துண்டுகளுக்குப் போதும். உள்ளே ஆவி பறக்கச் சூடேறியிருக்க வேண்டும். குழம்புக் கறியை அதில் வைக்காதீர்கள், அதற்கு அடுப்பும் வாணலியும்தான் சரி. இன்னொன்று: நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த கறியை எவ்வளவு சூடாக்கினாலும் பயனில்லை, ஏனெனில் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு வெப்பத்தில் அழிவதில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று செய்து பார்த்தேன். இருபதாம் நிமிடத்தில் வெப்பமானி 68 காட்டியது. மேலும் ஐந்து நிமிடம் விட்டதும் 76 ஆனது. எலும்போரம் சிவப்பு இருந்தது, ஆனால் சதை கழன்று வந்தது. ஒரு தடவைக்கு மூன்று கால்களுக்கு மேல் இடமில்லை என்பதால் ஐந்து பேர் சாப்பிட ஒரு மணி நேரம் ஆனதுதான் எரிச்சல். ஆட்டுக்கறிச் சுக்காவை இதில் செய்தவர்கள் உண்டா?

மறுமொழி 2:
பச்சைக் கறியை நேரடியாக வைத்தால் தோல் செருப்புதான். குக்கரில் மெத்தென்று வேகவைத்து, மசாலாவில் தண்ணீர் சுண்டிய பிறகு, கடைசி ஆறேழு நிமிடத்துக்கு மட்டும் ஏர் ஃப்ரையரில் வையுங்கள்.